திரும்பிப் போக ஒரு ஊர்

2002 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து டெல்லிக்கு வந்த மாமா, கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட் டப்பாக்களுக்கும் நடுவிலிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிஎஸ் ஒன், டிவியில் இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி. கூடவே இரண்டு கேம். ஒன்று கார் ரேஸ். இன்னொன்று ஃபைனல் ஃபேன்டசி 9, நான்கு சி.டி. கார் ரேஸை நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ஒரே வாரத்தில் தீர்த்துவிட்டோம். நான்கு சி.டி. இருந்ததை யாரும் தொடவில்லை. அதில் படிக்க நிறைய இருந்தது.

அப்போது நாங்கள் சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு ஒரு அமைச்சகத்தில் வேலை. எனக்கு லட்சுமிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஜனவரியில் மூடுபனிக்காகப் பள்ளியை மூடியபோது, வெளியே போய் ஆட வழியில்லாமல், ரஜாயைப் போர்த்திக்கொண்டு அந்த முதல் சி.டி.யைப் போட்டேன்.

கூர்த்தொப்பி போட்ட ஒரு சின்னப் பையன் நாடகம் பார்க்க அலெக்ஸாண்ட்ரியா நகரத்துக்கு வருகிறான். பெயர் விவி. டிக்கெட்டை நீட்டுகிறான். அது போலி என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வளவு பெரிய ஊர்க் கூட்டத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து, ஹிந்தி புரியாமல் பள்ளி வாசலில் நின்ற என் முதல் வாரம் எனக்கு அப்படியே ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்தக் கேமுக்குள் போனவன்தான். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் ஜே.ஆர்.பி.ஜி. என்று அழைக்கப்படும் இந்த ஜப்பானியக் கதை விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருக்கிறேன். சில கேம்களில் நூறு மணி நேரம் கொடுத்து, கொடுத்ததற்குச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். சில கேம்களை நாற்பதாவது மணி நேரத்தில் அணைத்துவிட்டு, போன நேரத்தை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரிந்த கதைதான் இது.

அந்த மே மாதம், சேவ் ஆகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்ததும் பார்த்தால் மெமரி கார்டு காலி. 34 மணி நேரம். சத்தம் போடாமல் அழுதேன். அப்பா ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஆபீஸ்ல ஃபைல் தொலைஞ்சு போனா என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றார். "ஷேடோ ஃபைல் போடுவோம். யார்கிட்ட என்ன காப்பி இருக்கு, யாருக்கு என்ன ஞாபகம் இருக்குன்னு ஒண்ணொண்ணா கேட்டு மறுபடி கட்டுவோம். உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ, சொல்லுடா."

ஒரு நீள ரிஜிஸ்தரை எடுத்தார். எந்த ஊர், அங்கே யார், என்ன சொன்னார்கள், எந்தக் கடையில் எந்த வாளை வாங்கினேன், எந்தப் பெட்டியைத் திறந்தேன். நான் சொல்லச் சொல்ல நீல மையில், தமிழில், வரிசை எண் போட்டு எழுதினார். பதினொரு பக்கம் வந்தது. மறுநாளிலிருந்து முதல் ஊரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். அப்பா பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சங்கதி கண்ணில் பட்டது. நோட்டைப் பார்த்துக்கொண்டே அப்பா, "இந்த அம்மா போன தடவை வேற ஏதோ சொன்னான்னு எழுதியிருக்கே?" என்பார். உண்மைதான். நான் முதல் தடவை அந்த ஊருக்குக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியிருந்தேன், அதற்குள் அவளுக்குச் செய்தி தெரிந்துவிட்டிருந்தது. ஊர்க்காரர்கள் வெறும் பலகை இல்லை. நாம் இல்லாதபோது அவர்களுக்கும் பொழுது விடிந்து சாய்ந்துகொண்டிருக்கிறது.

காட்டுக்கு நடுவில் விவியைப் போலவே கூர்த்தொப்பி போட்டவர்கள் வாழும் ஒரு கிராமம் வரும். அவர்களைச் செய்து அனுப்பியவர்கள் போருக்காகச் செய்தார்கள். பெயர் கிடையாது, எண்தான். அவர்களில் ஒருவன் திடீரென்று அசையாமல் போய்விட்டான், மண்ணுக்குள் வைத்திருக்கிறோம் என்று பேசிக்கொள்வார்கள். சாவு என்றால் என்ன என்று அவர்களுக்கு இன்னும் சரியாகத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பா பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்று அதற்கு மேல் ஆடவில்லை.

நான் பிறகு பிடித்துக்கொண்ட அளவுகோல் அங்கேயிருந்து வந்தது. ஒரு ஜே.ஆர்.பி.ஜி. நல்லதா என்று பார்க்க நான் நாயகனைப் பார்ப்பதில்லை. ஊரைப் பார்ப்பேன். ஒரு ஊரை விட்டுப் போய், ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பி வந்தால், அந்த ஊருக்கு அது தெரிகிறதா? இவ்வளவுதான். படம் எவ்வளவு அழகு, சண்டையில் எத்தனை வகை, உலகம் எத்தனை சதுர கிலோமீட்டர் என்பதெல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

இந்த வகை கேம்களின் வேரிலேயே இந்த ஊர் இருக்கிறது. 1986இல் யூஜி ஹோரி உருவாக்கிய முதல் டிராகன் குவெஸ்டில், பேயரசனை எப்படி அடைவது என்று வழிகாட்ட அம்புக்குறி கிடையாது. ஊர் ஊராகப் போய் ஆட்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானில் முதல் இரண்டு பாகங்களில் சேவ் வசதிகூடக் கிடையாது. விளையாட்டை நிறுத்தும்போது ஒரு மந்திரம் மாதிரி எழுத்துக்களைக் கொடுக்கும். எழுதிவைத்து அடுத்த தடவை உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது 52 எழுத்து வரை போகும். ஒரு எழுத்து தப்பினால் எல்லாம் போச்சு. இதைப் பின்னாளில் அப்பாவிடம் சொன்னபோது, "நோட்டு போடறது அவங்க வழக்கம்தான் போலிருக்கு" என்று ரொம்பத் திருப்தியாகத் தலையசைத்தார்.

இப்போது முனிர்காவில் இருக்கிறோம். எனக்கு நொய்டாவில் வேலை. மெட்ரோவின் மெஜந்தா லைனில் பொட்டானிகல் கார்டன் வரை கிட்டத்தட்ட 40 நிமிடம். க்ரோனோ டிரிகரை நான் முழுக்க அந்த ரயிலில், போனில்தான் ஆடினேன். 1995இல் வந்த கேம். ஃபைனல் ஃபேன்டசியைத் தொடங்கிய ஹிரோனொபு சகாகுச்சியும், டிராகன் குவெஸ்டின் ஹோரியும், ஓவியர் அகிரா தோரியாமாவும் சேர்ந்து செய்தது. யாராவது என்னிடம் 'எதிலிருந்து ஆரம்பிக்கலாம்' என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இருபது, இருபத்தைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வரியும் வீண் இல்லை.

முதலில் ஒரு திருவிழா. சுற்றித் திரிகிறோம். ஒரு பெண்மேல் மோதிவிடுகிறோம். அவள் கழுத்துச் சங்கிலி தெறித்து விழுகிறது. ஒரு மேஜையில் யாருடைய சாப்பாடோ இருக்கிறது. கேம் என்றால் எதிரில் இருப்பதை எடுத்துத் தின்பதுதானே? நானும் தின்றேன். ஒரு சிறுமி பூனையைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு அவசரம், விட்டுவிட்டேன். சில மணி நேரம் கழித்து, நான் மோதிய அந்தப் பெண்தான் அரச குமாரி, அவளைக் கடத்தினான் என்று வழக்குப் போட்டு என்னைக் கூண்டில் நிறுத்தினார்கள். சாட்சிகள் வந்தார்கள். இவன் என் சாப்பாட்டைத் தின்றான் என்றார் ஒரு கிழவர். அவள் கீழே விழுந்தபோது முதலில் அவளைக் கவனித்தாயா, சங்கிலியைப் பொறுக்கப் போனாயா என்று கேள்வி வந்தது. ரயில் காளிந்தி குஞ்ச் தாண்டி யமுனைப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒருத்தரும் பார்க்கவில்லை என்று நான் நினைத்த சின்னச் சின்ன காரியங்களை அந்த ஊர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

தீர்ப்பு எப்படி வந்தாலும் கடைசியில் சிறைதான். கதை பெரிதாக மாறிவிடாது. இதை ஒரு குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதைக்குப் பத்து முடிவு வைப்பதைவிட, என் செய்கைக்கு ஒரு சாட்சி வைப்பது எனக்குப் பெரிது. (க்ரோனோ டிரிகரில் பல முடிவுகளும் உண்டு என்பது தனி விஷயம்.)

அதே கேமில் இன்னொரு இடம். காலத்தில் முன்னும் பின்னும் போகிறோம். கி.பி. 600இல் ஒரு பெண் பாலைவனமாகிவிட்ட நிலத்தில் காடு வளர்க்க நினைக்கிறாள். ஒரு மனுஷ ஆயுளில் முடியாத வேலை. நம்மோடு வரும் ரோபோ, 'நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன்' என்று தங்கிவிடுகிறது. நாம் கால வாகனத்தில் ஏறி கி.பி. 1000க்குப் போகிறோம். நமக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இறங்கிப் பார்த்தால் மண் இருந்த இடத்தில் காடு. உள்ளே 400 வருடம் உழைத்துத் துருப்பிடித்த நம் நண்பன். தட்டிக்கொட்டி எழுப்பி, அன்றிரவு காட்டுக்குள் தீ மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். ஒரே ஊருக்குத் திரும்பிப் போவதை இதைவிட நன்றாக வேறு எந்தக் கலையிலும் நான் பார்த்ததில்லை. படத்தில் பார்த்தால் அழுதிருப்பேன், சரி. இதில் அவனை அங்கே விட்டுவிட்டுப் போக பட்டனை அழுத்தியது நான். அந்த வித்தியாசம்தான் கேம்.

நான் வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்பது, "என்னடா, தவளை இன்னிக்கு எங்க போச்சு?" தவளையாக மாறிய ஒரு வீரன் அந்தக் கதையில் வருவான். அவனை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேரைக் கேட்டுவிட்டு நோட்டில் 'தவளையார்' என்றே எழுதியிருக்கிறார்.

இப்படித் தினமும் சொல்லிச் சொல்லி இரண்டாவது அளவுகோல் ஒன்று கிடைத்தது. ஒரு கேமின் கதையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் திரையில் ஓடும்போது, 'விதி', 'ஒளி', 'இருள்', 'நண்பர்களின் பலம்' என்று பெரிய பெரிய வார்த்தைகள் வந்தால் ஏதோ இருக்கிறது என்று தோன்றும். சாப்பாட்டு மேஜையில் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் காற்றுப் போய்விடும். நல்ல கேமில் நான் சொல்லி நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேள்வி வரும். அந்த 'அப்புறம்' வராத இரண்டு கேம்களை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியதில் எனக்கு வருத்தமே இல்லை. காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று தொடர்ந்து ஆடுவதுதான் இந்த வகை கேமில் பலரும் செய்யும் தவறு. காசு போனது போனதுதான். அறுபது மணி நேரத்தையும் அதன் பின்னால் அனுப்ப வேண்டாம்.

எதிர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆக்டோபாத் டிராவலர், 2018. பார்க்க அவ்வளவு அழகு, சண்டை அவ்வளவு கூர்மை. எட்டுப் பேர், எட்டுக் கதை. ஆனால் ஒருவருடைய கதை நடக்கும்போது, கூடவே நடந்துவரும் மற்றவர்கள் முக்கியக் காட்சிகளில் பெரும்பாலும் காணாமல் போய்விடுவார்கள். ஒரே பஸ்ஸில் எட்டுப் பேர் முப்பது நாள் போயும் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளாத மாதிரி இருந்தது எனக்கு. நிறைய பேருக்கு உயிரான கேம் அது. எனக்கு ஊரும் ஒட்டவில்லை, ஆட்களும் ஒட்டவில்லை. மாறாக, 2004இல் வந்த டிரெயில்ஸ் இன் தி ஸ்கையில் கதை ஒரு அடி நகர்ந்தால் போதும், ஊரில் ரொட்டிக் கடைக்காரர் முதல் பள்ளிக்கூடப் பிள்ளை வரை பேச்சு மாறியிருக்கும். மெதுவான கேம். முதல் பத்து மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்தப் பத்து மணி நேரத்தில்தான் ஊர் நம்முடையதாகிறது.

சண்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் பாதி நேரம் அதில்தான் போகும். மாறி மாறி அடித்துக்கொள்வதில் என்ன இருக்கிறது, பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் போதாதா என்று நானும் நினைத்திருந்தேன். 2021 ஜூனில், ஊரடங்கு தளர்ந்திருந்த நேரம், ஷின் மெகாமி டென்செய் 3 நாக்டர்ன் என்ற கேமின் புதிய பதிப்பை ஆடினேன். அதில் ஆரம்பத்திலேயே மட்டடோர் என்று ஒருவன் வருவான். எலும்புக்கூடு, கையில் சிவப்புத் துணி, காளையடக்குபவனின் உடை. ஏழு தடவை என்னைக் கொன்றான்.

வழக்கம்போல லெவல் ஏற்றினேன். மூன்று மணி நேரம் சின்னப் பேய்களை அடித்து அடித்து ஏறினேன். மறுபடி போனேன். மறுபடி செத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அவன் முதலில் என்ன செய்கிறான்? துணியை வீசித் தன் சுறுசுறுப்பை ஏற்றிக்கொள்கிறான். அதற்குப் பிறகு என் அடி படாது. அந்தக் கேமில் அடி தவறினால் நம் டர்ன் (அடிக்கும் முறை) இரண்டு பறிபோகும். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் கூடுதல் டர்ன் கிடைக்கும். அவன் காற்று மந்திரம் போடுகிறான். என் கூட்டத்தில் காற்றுக்குப் பலவீனமானவன் ஒருவன் இருந்தான். அவனை அடிக்கும் ஒவ்வொரு தடவையும் நான்தான் மட்டடோருக்குக் கூடுதல் டர்ன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவனை வெளியே எடுத்தேன். காற்றைத் தாங்குபவர்களைச் சேர்த்தேன். முதல் சில டர்ன்களில் ஒரு அடிகூட அடிக்காமல், மட்டடோரின் வேகத்தைக் குறைக்கும் வித்தையை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தத் தடவை விழுந்தான். இடையில் லெவல் ஒன்றுகூட ஏறவில்லை. கன்ட்ரோலரை வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றேன், கை நடுங்கிக்கொண்டிருந்தது.

தோற்றால் லெவல் ஏற்று என்று சொல்லும் கேம் சுமார். தோற்றால் ஆளை மாற்று, முறையை மாற்று என்று சொல்லும் கேம் நல்ல கேம். ஆடுகிற நமக்கும் இதில் வேலை இருக்கிறது. எதிரியின் பலத்தைக் குறைக்கிற, நம் பலத்தைக் கூட்டுகிற வித்தைகளை முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை. நேரடியாக அடி விழும் மந்திரம்தான் கண்ணுக்குத் தெரியும். பெரிய எதிரிகளிடம் பலன் தருவது பெரும்பாலும் அந்த மற்றவைதான். மருந்துப் பாட்டில்களையும் சேமித்துச் சேமித்துக் கடைசி வரை வைத்திருக்காதீர்கள். நான் முடித்த முதல் நான்கு கேம்களிலும் கடைசிக் காட்சி ஓடும்போது என் பையில் விலை உயர்ந்த மருந்துகள் அத்தனையும் முத்திரை உடைக்காமல் இருந்தன.

ஃபைனல் ஃபேன்டசி 6 பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் அதற்கு முன் சரோஜினி நகர். அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முனிர்காவுக்கு வந்துவிட்டோம். சில வருடம் கழித்து அந்தப் பக்கத்துப் பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்ட முடிவானது. 2018 ஜூனில் மரங்களை வெட்டக் கூடாது என்று ஜனங்கள் அங்கே கூடி, மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். பிறகு ஒரு நாள் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஆட்டோவை அந்தப் பக்கம் விடச் சொன்னார் அப்பா. எங்கள் பிளாக் இருந்த இடத்தைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

1994இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 6இல் பாதிக் கதையில் உலகம் அழிந்துவிடும். உண்மையாகவே. வில்லன் ஜெயித்துவிடுவான். ஒரு வருடம் கழித்து ஒரு சின்னத் தீவில் ஒருத்தி கண் விழிப்பாள். அங்கிருந்து, நாம் முதல் பாதியில் சுற்றிய அதே ஊர்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகிறோம். மோப்லிஸ் என்று ஒரு கிராமம். முதல் பாதியில் அங்கே காயம்பட்ட ஒரு சிப்பாய் படுத்திருப்பான். அவனுக்காக, வேறு ஊரில் இருக்கும் அவன் காதலிக்குக் கடிதங்களை அனுப்பிக் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை, செலவும் நம்முடையது. இரண்டாம் பாதியில் திரும்பிப் போனால் மோப்லிஸில் பெரியவர்கள் யாருமே இல்லை. பிள்ளைகள் மட்டும். நம் கூட்டத்தில் இருந்த ஒருத்தி அவர்களுக்குத் தாயாக இருக்கிறாள். அந்தக் காதலிக்கோ, கடிதம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சிப்பாயின் பெயரில் யாரோ எழுதுகிறார்கள். யார் என்று தேடிப் போவது அந்தக் கேமின் மிக நல்ல பயணங்களில் ஒன்று. நான் சொல்லப் போவதில்லை.

இதை அப்பாவுக்குச் சொன்ன அன்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கேமைப் பற்றி இல்லை. எங்கள் பிளாக்கில் யார் யார் இருந்தார்கள், கீழ் வீட்டு வங்காளிக் குடும்பம் எங்கே போனது, மாடிப்படியில் சைக்கிள் வைத்ததற்காக யாரோடு சண்டை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களின் பெயரையும் எழுத உட்கார்ந்தார். இரண்டு பெயர் ஞாபகம் வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.

சரி, ஆட ஆரம்பிக்கிறவர்களுக்கு என் கையில் இருக்கும் மீதி விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சேவ் எப்போதும் இரண்டு மூன்று இடத்தில் மாற்றி மாற்றிப் போடுங்கள். கரண்ட் போவதற்காக மட்டும் இல்லை, சில கேம்களில் ஒரு கதவைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. நோட்டு ஒன்று வையுங்கள். இந்த கேம்கள் பெரும்பாலும் கஷ்டத்தால் நின்றுபோவதில்லை, இடைவெளியால்தான் நின்றுபோகின்றன. ஆபீஸில் வேலை கூடி இரண்டு வாரம் விட்டுவிட்டால், எங்கே இருந்தோம், யாரைத் தேடிக்கொண்டிருந்தோம் என்று மறந்துபோய், அப்படியே கைவிட்டுவிடுவோம். நிறுத்தும்போது எழுதும் இரண்டு வரி அதைக் காப்பாற்றும். வழிகாட்டியை இணையத்தில் பார்க்காமல் முதல் தடவை ஆடுங்கள். அரை மணி நேரம் முட்டி மோதியும் வழி தெரியவில்லை என்றால் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் பாருங்கள், பார்த்ததும் மூடிவிடுங்கள். பழைய கேம்களின் புதிய பதிப்புகளில் வேகத்தைக் கூட்டும் வசதி வருகிறது. தெரிந்த எதிரியோடு ஐம்பதாவது சண்டைக்கு அதைப் போடலாம். ஊருக்குள் நடக்கும்போது வேண்டாம். சத்தத்தை அணைத்துவிட்டு ஆடவே ஆடாதீர்கள். இசையமைப்பாளர்கள் நோபுவோ உயெமாட்சுவும் யசுனோரி மிட்சுடாவும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மெட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள், கேம் முடிந்து பத்து வருடம் கழித்து அந்த மெட்டுதான் நம்மை அந்த ஊருக்குக் கூட்டிப்போகும். பெர்சோனா மாதிரி காலண்டர் வைத்து ஓடும் கேம்களை முதல் கேமாக எடுக்க வேண்டாம். அற்புதமானவை, ஆனால் நூறு மணி நேரம் கேட்கும்.

ஒரு ஊருக்குள் நுழைந்தால் எல்லோரிடமும் இரண்டு தடவை பேசுங்கள். பெரிய சம்பவம் ஒன்று முடிந்ததும், கதை கூப்பிடும் பக்கம் ஓடாமல், முந்தின ஊருக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பாருங்கள். ஐந்து மணி நேரத்துக்குள் இதைச் செய்துவிடலாம். அங்கே யாராவது புதிதாக ஒரு வார்த்தை சொன்னால், அந்தக் கேமுக்கு உங்கள் மாலைகளைத் தைரியமாகக் கொடுங்கள்.

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து முடித்தது டிராகன் குவெஸ்ட் 11. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடி, பதினான்கு மாதம் ஆனது. அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன் முடிந்திருந்தது. திரையில் எழுத்து சின்னது என்பதால் எல்லாவற்றையும் நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். ஹோட்டோ என்ற ஊரில் ஆங்கிலப் பதிப்பில் எல்லோரும் ஹைக்கூவிலேயே பேசுவார்கள். திணறிப்போனேன். "மூணு வரி வேண்டாம், குறள் மாதிரி ரெண்டு வரில சொல்லிப் பாரு" என்றார்.

அதில் ஒரு கடல்கன்னி வருவாள். கரையில் இருக்கும் ஒரு மீனவனுக்காகக் காத்திருக்கிறாள். திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனவன். அவனைத் தேடிப் பார்த்து வரும்படி நம்மிடம் சொல்கிறாள். லோனலுலு என்ற கடலோரக் கிராமத்துக்குப் போகிறோம். அவன் செத்துப்போய் வருடங்கள் ஆகிவிட்டன. கடல்கன்னிகளுக்கு ஆயுள் நீளம், அவளுக்கு எல்லாம் நேற்று மாதிரி. திரும்பி வந்து அவள் முன் நிற்கும்போது கேம் கேட்கும்: உண்மையைச் சொல்கிறாயா, இல்லையா? எதைச் சொன்னாலும் கதை மேலே போகும்.

நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். வேண்டாம், சொல்லாதே, அவள் பாட்டுக்குக் காத்திருக்கட்டும் என்றார் அப்பா. சொல்லத்தான் வேண்டும் என்றேன் நான். இருபது நிமிடம் இதே பேச்சு. இந்தக் கேம் பக்கமே திரும்பாத அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்று, யார் அந்தப் பெண், என்ன ஆச்சு என்று கேட்டாள். முதலிலிருந்து சொன்னேன்.

"சொல்லிடு," என்றாள். "சொல்லாம விட்டா அவ காத்துக்கிட்டே இருப்பா. அது சாவை விட மோசம்."

சொன்னோம். அவள் நம்ப மறுத்தாள். கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். கடலைவிட்டு ஏறி, கால் முளைத்து, மணலில் நடந்து அவன் கல்லறைக்குப் போனாள். பிறகு கடலுக்குத் திரும்பி நுரையாகக் கரைந்துபோனாள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "இப்படி ஆகும்னு முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று என்னைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அடுப்பில் குழம்பு அடிபிடித்திருந்தது.

அன்றிரவு அப்பா நோட்டை எடுத்து எழுதியதை மறுநாள் பார்த்தேன். மற்ற ஊர்களுக்கெல்லாம் அரைப் பக்கம், முக்கால் பக்கம். லோனலுலுவுக்கு ஒரே வரி, 'சொல்லிவிட்டோம்.' கீழே தேதி. பக்கத்தில், முப்பத்து நாலு வருடம் ஆபீஸ் ஃபைல்களில் போட்டுவந்த அதே சின்னக் கையெழுத்து. அதற்கும் பக்கத்தில் அம்மா பெயரின் முதல் எழுத்தையும் என் பெயரின் முதல் எழுத்தையும் எழுதி, நாங்கள் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்.